சில்லென்ற சர்க்கரை

லிஃப்ட்காரர் வீட்டுச் சர்க்கரை டப்பா அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில் இருந்தது. எப்போதோ பிஸ்கட் வந்த தகர டப்பா. மூடியில் இருந்த பூப்படம் தேய்ந்து காம்பு மட்டும் மிச்சம். அந்த ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். அவள் ஒளித்து வைப்பாள், அவர் கண்டுபிடிப்பார். பீரோவுக்குள், அரிசிக்குள், கிழிந்த தலையணை உறைக்குள் என்று எல்லா இடமும் பார்த்தாயிற்று. கடைசியில் அவளுக்கு அலுத்துப்போய், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

அலுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை. ரத்தமும் சீழும் மருந்தும் ஒட்டிய விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, பெரிய மெஷினில் போட்டு, சூடு ஆறுவதற்குள் உதறி மடித்து அடுக்க வேண்டும். விடிவதற்குள் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே பாதித் தூக்கம் தூங்கி, வேலையில் கால் கடுக்க நின்று, திரும்பி வந்தால் வீட்டில் இன்னொரு நோயாளி. அங்கேயாவது மணி அடித்தால் வேலை முடியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதி அவர் கை பட்டுத்தான் ஜனங்களை மேலே ஏற்றின, கீழே இறக்கின. சர்க்கரை வியாதி வந்த புதிதில் அதை ஒரு பொருட்டாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காலில் சின்னப் புண் வந்தது. "செருப்புக் கடி" என்றார். செருப்புக் கடி மாசக்கணக்காக ஆறாமல் இருந்து, கறுத்து, ஒரு நாள் கட்டைவிரலையே வாங்கிக்கொண்டு போயிற்று. அதோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரையே மேலே ஏற்றியவர் கீழ்த்தள வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் ஊசி, நடுவில் டீ.

டீயில்தான் வம்பு. டாக்டரிடம் "அரை ஸ்பூன்தான் போட்டுக்கறேன் டாக்டர்" என்பார். அவள் வேலைக்குப் போன பிறகு அந்த அரை ஸ்பூன் கூம்பு கூம்பாக மூன்று ஸ்பூன் ஆகிவிடும். அது எத்தனை டீ என்று அவருக்கும் தெரியாது, பால்காரருக்குத்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை காகிதத்தைப் பார்த்து டாக்டர் ஊசி அளவை ஏற்றிக்கொண்டே போனார்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருமுறை வந்தபோது சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற பொடி ஒன்றை வாங்கி வந்தாள். வெள்ளை வெளேரென்று, மணல் மணலாக, அசல் சர்க்கரை மாதிரியே இருந்தது.

"அப்பா, இத போட்டுக்கோங்க. இனிப்பு இருக்கும், சர்க்கரை ஏறாது."

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"துணி துவைக்கற சோடா மாதிரி இருக்கு. உங்கம்மா வேலை செய்யற எடத்துலருந்து அள்ளிட்டு வந்தியா?"

"பழகிடும்ப்பா."

"உங்கம்மாவையே இன்னும் பழகல. இது வேறயா?" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சவால் விட்டார். "எந்த டீல வேணா கலந்து குடு. ஒரு சொட்டு நாக்குல பட்டா போதும், சொல்லிடுவேன். முப்பது வருஷம் மோட்டார் சத்தத்தக் கேட்டே எந்தச் சக்கரத்துப் பல்லு தேஞ்சிருக்குன்னு சொன்னவன் நான்."

மகள் ஊருக்குப் போனாள். பொட்டலம் அலமாரியில் கிடந்தது.

பின்னால் அவர் பெண்டாட்டி செய்த காரியம் ஒன்றும் சூழ்ச்சி இல்லை. திட்டம் போடுகிற அளவுக்கு அவளிடம் தெம்பு ஏது? ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தாள். அன்றைக்கு வந்த துணி மூட்டையில் கால் எடுக்கப்பட்ட நோயாளியின் விரிப்பு ஒன்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள் என்று கொண்டுவந்தவன் சொல்லிவிட்டுப் போனான். அதைத் துவைத்து மடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், டீக் கோப்பையின் அடியில் கரையாத சர்க்கரை விரற்கடை உயரத்துக்கு நிற்கிறது. அவர் நாற்காலியில் அசந்து தூங்குகிறார். விரல் இல்லாத கால் ஸ்டூல் மேல் இருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே டப்பாவிலிருந்த சர்க்கரையைத் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் கரைத்துவிட்டு, அந்தப் பொடியை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கண்டுபிடித்துக் கத்தட்டும், கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அவர் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் டீ குடித்தபோது மட்டும் ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார். டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தார்.

"சர்க்கரை ஏன் சில்லுனு இருக்கு?"

அந்தப் பொடி அப்படித்தான், நாக்கில் பட்டால் லேசாகக் குளிரும்.

"கடைய மாத்தியிருக்கேன். இது வேற சர்க்கரை."

"நல்ல சரக்குதான்" என்று இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டார். மோட்டார் பல்லைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு இது பிடிபடவில்லை. எதிரி இருக்கிறான் என்று தெரிந்தால்தானே நாக்கு கத்தியைத் தீட்டும்?

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். அதே சாப்பாடு, அதே அரை ஸ்பூன். மனசுதான் மாறியிருக்கு. கட்டுப்பாடு."

"சபாஷ்" என்றார் டாக்டர். "இப்படியே போனா நல்லது. ஊசி இப்ப இருக்கற அளவே இருக்கட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீரிலும் சோப்பிலும் ஊறித் தோல் உரிந்த கை. சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவர் முகம் இருந்த இருப்பு! விரலை எடுத்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. வேலை போய், நடை போய், நாலு பேர் கூப்பிடுவது போய், எஞ்சிய மனுஷனுக்கு யாரோ ஒருவர் சபாஷ் சொல்கிறார். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. சொன்னால் வீட்டில் நடக்கப்போகிற ரகளையைத் தாங்கத் தெம்பும் இல்லை. இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்டால், உள்ளதைச் சொன்னால், இரண்டாவதுதான்.

அதற்குப் பிறகு அவர் வாயைக் கட்ட முடியவில்லை. தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். "மனசுதான்யா எல்லாம். நாக்க நாம ஆளணும், நாக்கு நம்மள ஆளக் கூடாது." டாக்டர் தந்த தெம்பில் காலையில் நடக்கவும் தொடங்கினார். விரல் இல்லாத காலுக்குத் தனியாகப் பஞ்சு வைத்துச் செருப்பு செய்துகொண்டு, தெருமுனை வரை போனவர், பிறகு பூங்கா வரை போனார். அவளும் சந்தோஷப்பட்டாள். சந்தோஷத்துக்குள்ளே ஒரு முள் கிடந்தது, அவ்வளவுதான்.

முள்ளைக் கிளறிவிட ஓர் ஆள் மாடியில் இருந்தார். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவருக்கு வைத்த பெயர் எச்சரிக்கை சார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே போனை எடுத்து, ஊரில் உள்ள எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பிவிடுவார். நின்றுகொண்டு தண்ணீர் குடிக்காதே, படுத்துக்கொண்டு போன் பார்க்காதே, கத்தரிக்காயில் விஷம், கத்தரிக்காயே மருந்து. தன் வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரையைப் பல வருஷமாக விட்டதில்லை. "வெள்ளை விஷம்" என்பார். எதற்கும் தேன்தான்.

தீரத் தீர அவளே பொடி வாங்கி டப்பாவை நிரப்பி வந்தாள். எச்சரிக்கை சார் கண்ணில் ஒரு நாள் குப்பைப் பையிலிருந்த பொடிப் பொட்டலத்தின் உறை பட்டுவிட்டது. அன்று முதல் அவள் போனில் மழை. செயற்கை இனிப்பால் புற்றுநோய். செயற்கை இனிப்பால் மாரடைப்பு. குடல் கெடும், மூளை மழுங்கும், ஞாபகம் போகும். எதை நம்புவது? சர்க்கரை போட்டால் கால் போகும் என்று ஆஸ்பத்திரி சொல்கிறது, பொடி போட்டால் உயிரே போகும் என்று மாடி சொல்கிறது. நடுவில் ஒருத்தி, நின்றுகொண்டே தூங்குகிறவள், என்னதான் செய்வாள்?

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாடம் சொல்லும் நர்ஸிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள்.

"அளவோட எடுத்தா பயப்பட வேணாம்க்கா" என்றாள் நர்ஸ். "ரொம்ப வருஷம் எடுத்தா என்ன ஆகும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அதுக்காகச் சர்க்கரைய அள்ளிக் கொட்டறது எந்த விதத்துல நல்லது சொல்லுங்க? ஆனா யாரு எடுத்தாலும் டாக்டருக்குத் தெரியணும்."

கடைசி வாக்கியத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வாக்கியம் போதுமாக இருந்தது. அந்தத் தைரியத்தில் மாடிப்படியில் எச்சரிக்கை சாரை மடக்கினாள்.

"சார், உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். எனக்கு இனிமே ஒண்ணும் அனுப்பாதீங்க. இருக்கற கஷ்டம் போதும். அந்தப் போன் மேல அவ்வளவு ஆசையா இருந்தா அதுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நல்லதுக்குக் காலமில்ல" என்று ஏறிப் போனவர்தான், அப்புறம் அவளைப் படியில் பார்த்தால் சுவரைப் பார்ப்பார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், லிஃப்ட்காரரிடம் அவர் பொட்டலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இடையில் சில சாயங்காலங்களில் லிஃப்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. "பசி" என்பார். அவள் தட்டில் சோற்றைப் போட்டால் தின்று முடிப்பதற்குள் சரியாகிவிடும். ஊசி அதே அளவு, சர்க்கரை பாதிக்கும் கீழே, நடையோ இரண்டு மடங்கு. கணக்கு எங்கே உதைக்கிறது என்று யோசிக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான், ஏனென்றால் முழுக்கணக்கும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கோ சோறு போட்டதும் கண் சொருகிவிடும்.

அன்று முற்பகல். துணி அறையில் இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ரவிக்கை முதுகோடு ஒட்டுகிற வெக்கை. அவள் விரிப்பின் இரண்டு முனையைப் பிடிக்க, எதிர்முனையைப் பிடித்தபடி மேஸ்திரியம்மா தன் சம்பந்தியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவர்தான்.

"ஏம்மா, மீட்டர் பேட்டரி எங்க வெச்சிருக்க?"

"எந்த மீட்டர்?"

"சர்க்கரை பாக்கற மீட்டர்தான். கெட்டுப்போச்சு. தப்புத் தப்பாக் காட்டுது."

"என்ன காட்டுது?"

"பூங்காவுல ரெண்டு சுத்து ஜாஸ்தியாப் போட்டேன். வந்ததும் படபடன்னு வந்துச்சு. குத்திப் பாத்தேன், கம்மியாக் காட்டுச்சு. சரி, நர்ஸு சொல்லிக் குடுத்திருக்காளே, மூணு ஸ்பூன் சர்க்கரையத் தண்ணில கலந்து குடிச்சேன். கொஞ்சம் பொறுத்துக் குத்தினா இன்னும் கம்மியாக் காட்டுது. திரும்பக் குடிச்சேன். இன்னும் கீழ போகுது." அவர் சிரித்தார். சிரிப்பு கொழகொழவென்று வந்தது. "சர்க்கரை குடிச்சா ஏறணும்ல? இறங்கினா மீட்டர்தானே தப்பு? லிஃப்டு பட்டன் மாதிரி... மேல அமுக்கினா கீழ..."

விரிப்பு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

ஒரு மெக்கானிக் எதைச் சந்தேகப்படுவான்? மெஷினைச் சந்தேகப்படுவான். மீட்டரைக் கழற்றுவான், பேட்டரியைத் தேடுவான். வீட்டுச் சர்க்கரை டப்பாவை எவன் சந்தேகப்படுவான்?

"என்னங்க, நான் சொல்றதக் கேளுங்க. அது சர்க்கரை இல்ல."

"எது?"

"டப்பால இருக்கறது. சர்க்கரை இல்லீங்க. நம்ம பொண்ணு வாங்கிட்டு வந்தாளே, அந்தப் பொடி. நான்தான் மாத்தி வெச்சேன். அதக் குடிச்சா ஏறாது. அலமாரில ரொட்டி இருக்கு, வாழைப்பழம் இருக்கு, எடுத்துச் சாப்பிடுங்க. இப்பவே. போனை வைக்காதீங்க."

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள். துணி அறை முழுவதும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது, அவருடையது போலவே இல்லாமல், குழந்தை அடம் பிடிப்பது போல.

"நீ பொய் சொல்ற. எனக்கு டாக்டர் சபாஷ் சொன்னார்."

"ஐயோ, பழத்தச் சாப்பிடுங்க!"

"சபாஷ் சொன்னார்" என்றார் அவர். ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. போன் தொடர்பு அறுந்தது.

மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தில் பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பிளை ஒரே ஒருவர்தான். சுவரைப் பார்க்கிறவர். மானம் ரோஷமெல்லாம் பார்க்க அது நேரமா?

"ஹலோ, யாரு?" என்றார் எச்சரிக்கை சார். யாரென்று அவருக்குத் தெரியும்.

"சார், நான்தான், கீழ் வீடு. அவருக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. விழுந்துட்டார்னு நினைக்கிறேன். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். உங்க வீட்டுலருந்து சர்க்கரை எடுத்துட்டு ஓடுங்க சார். எங்க வீட்டு டப்பாவத் தொடாதீங்க, அது அந்தப் பொடி."

மனுஷன் குத்திக்காட்டலாம். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்ல முடிந்திருக்காது. அவர் அதைக் கேட்கவில்லை.

"எங்க வீட்டுல சர்க்கரை ஏதும்மா?" என்று திகைத்துவிட்டு, உடனே, "தேன் இருக்கு, தேன் இருக்கு" என்று கத்தினார். அவர் படியிறங்கும் சத்தம் போனிலேயே தடதடவென்று கேட்டது.

அவள் ஈரக்காலோடு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். மேஸ்திரியம்மா பின்னாலேயே ஓடிவந்து, வழியில் வந்தவர்களையெல்லாம் ஒதுக்கி, நின்றுகொண்டிருந்த ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிவிட்டாள். அந்த வண்டியின் விரிப்பைத் தினமும் துவைக்கிறவள்தான் அவள், உள்ளே உட்கார்ந்தது அன்றுதான். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே ஒரு நினைப்பு ஓடியது. அவர் செத்துப்போனால் சர்க்கரையால் செத்தார் என்று ஊர் சொல்லும். சர்க்கரை இல்லாததால் செத்தார் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

சமையலறைத் தரையில் எச்சரிக்கை சார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் லிஃப்ட்காரர் தலை ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு பேர் முகத்திலும் தேன். சட்டையிலும் தேன். எச்சரிக்கை சார் விரலில் தேனைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவிக்கொண்டிருந்தார்.

"முழுங்கக் குடுக்கலம்மா. மயக்கத்துல இருக்கறவங்களுக்கு வாய்ல ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிடும்னு ஒரு மெசேஜ் வந்துச்சு" என்றார்.

லிஃப்ட்காரரின் இமை துடித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து எல்லாரையும் பார்த்தார். மேடையில் டம்ளர் இருந்தது, அடியில் கரையாத பொடியோடு. பக்கத்தில் டப்பா திறந்து கிடந்தது. மீட்டர் பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. நினைவு தப்புகிற நேரத்திலும் திருகாணியைத் தொலைத்துவிடாமல் தட்டில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லலாம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் வந்து, "என்னய்யா நடந்தது? ஒழுங்காத்தானே இருந்தது?" என்றார். லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். அவரும் களைத்துப்போனவராகத்தான் தெரிந்தார்.

"பொடி போட்டதுல தப்பில்லம்மா. சர்க்கரையக் குறைச்சதும் நல்லதுதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஊசி அளவக் குறைச்சிருப்பேன். அவருகிட்ட சொல்லியிருந்தா அவசரத்துக்கு அந்த டப்பாவத் தொட்டிருக்க மாட்டார்." ஊசி அளவைக் குறைத்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று காலை எச்சரிக்கை சார் தெருவுக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் செயற்கை இனிப்பு வேலை செய்யாது, அசல் சர்க்கரை கொடுங்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை, கண்ணால் கண்டது. அவர் அதுவரை அனுப்பியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அவள் கைகூப்புகிற படத்தை ஒன்று பதிலாக அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் லிஃப்ட்காரர் அதைப் பற்றிப் பேசவில்லை. கத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதானே அன்றைக்கு டப்பாவை மூடினாள்? அவர் கத்தவே இல்லை. சாயங்காலம் அவள் டீ போட அடுப்பைப் பற்ற வைத்தபோது நாற்காலியிலிருந்து கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"டெஸ்ட்டுல முதல் தடவை இறங்குச்சே, அதுக்கு முன்னாலருந்து."

அவர் தலையை ஆட்டினார். விரல் இல்லாத காலைப் பார்த்தார்.

"அப்ப அந்த சபாஷ் எல்லாம் உன்னுது."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பூங்காவுக்கு நடந்தது நீங்கள்தானே, ஊசி போட்டுக்கொண்டது நீங்கள்தானே என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவரைத் தேற்றுவதற்காக இன்னொரு வார்த்தை ஜோடிக்க அவளால் முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பால் பொங்கி வந்தது, இறக்கி வைத்தாள்.

"இனிமே எதப் போட்டாலும் சொல்லிட்டுப் போடு" என்றார்.

"இது பொடி" என்றாள் அவள், ஸ்பூனைக் காட்டி.

"போடு."

குடித்தார். துணி சோடா என்று சொல்லவில்லை.

இப்போது அந்தத் தட்டில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. புது டப்பாவில் பொடி, பூப்படம் தேய்ந்த பழைய டப்பாவில் அசல் சர்க்கரை. அது அவசரத்துக்கு மட்டும். அவர் அதிலிருந்து டீக்கு எடுப்பதில்லை. கட்டுப்பாடு என்று தெருவில் யாரிடமும் பேசுவதும் இல்லை. பூங்காவுக்குப் போகிறார், ஒரு சுற்றோடு திரும்பிவிடுகிறார்.

தினமும் காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் அவர் எழுந்து சமையலறைக்குள் போவார். பழைய டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். குளிர்கிறதா என்று பார்க்கிறார். முதல் நாள் அதைப் பார்த்தபோது அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ராத்திரி நீங்கள் தூங்கும்போது நான் மாற்றியிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நினைக்கிறார்தான். நினைக்காமல் என்ன செய்வார்?

அதனால் அவளும் பஸ்ஸுக்கு நேரமானாலும் வாசலில் காத்து நிற்கிறாள். அவர் பார்த்து முடிக்கும் வரை செருப்பை மாட்டுவதில்லை. டப்பா மூடி அழுந்தும் சத்தம் கேட்கும். பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் வரும்.

"சர்க்கரைதான். நீ கெளம்பு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.